இடையில் ரிலே வைத்தும் மைமோ (இரு முனையிலும் பல ஆன்டெனா கொண்ட வயர்லெஸ்) இணைப்பின் வேகம் ஏன் கூடுவதில்லை?

ரிலே என்பது நடுவில் நின்று சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி. பெரும்பாலான ரிலேக்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாதவை. பாதி நேரம் கேட்கும், பாதி நேரம் அனுப்பும். ஆகவே கொள்ளளவுக் கணக்கில், அதாவது பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தின் கணக்கில், முதலிலேயே 1/2 வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒற்றை ஆன்டெனாவில் போட்டுப் பாருங்கள். நேரடிப் பாதையில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 3 என்றால், ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு log₂(1+3) = 2 பிட். ரிலே வழியாக அதே 2 பிட் வர, ஒவ்வொரு தாவலிலும் (அனுப்புநரிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பெறுநர்) விகிதம் 15 இருக்க வேண்டும்: 1/2 × log₂(1+15) = 2. அதுவும் ரிலே டிகோட் செய்து, அதாவது பிட்களை மீட்டெடுத்து, மறுபடி அனுப்பினால்தான். வெறுமனே பெருக்கி அனுப்பினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். மொத்த விகிதம் 15×15/(15+15+1), சுமார் 7.3. கிடைப்பது ஏறத்தாழ 1.5 பிட்தான். நேரடிப் பாதை வலுவாக இருக்கும் இடத்தில் ரிலே வீண் என்பேன்.

பல ஆன்டெனா வரும்போது பலரும் கோட்டைவிடுவது ரிலேயின் ஆன்டெனா எண்ணிக்கையை. இரு முனையிலும் 4 இருந்து ரிலேயில் 2 மட்டும் இருந்தால், அதன் வழியாக 2 தரவோடைகளுக்கு (ஒரே நேரத்தில் தனித்தனியாகப் போகும் தரவு வரிசைகள்) மேல் போகாது. மாறாக, நேரடிப் பாதை தடையற்ற நேர்கோடாக, ஆன்டெனாக்கள் நெருக்கமாக இருந்தால் சேனல் அணியின் (matrix) தரம் (rank), அதாவது ஒரே நேரத்தில் போகக்கூடிய தரவோடைகளின் எண்ணிக்கை, 1-க்கு இறங்கிவிடும். அங்கே 4 ஆன்டெனா ரிலே ஒன்றைப் பக்கவாட்டில் வைப்பது உண்மையிலேயே பலன் தரும்.

ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடிந்த முழு இருவழி ரிலே அந்த 1/2-ஐ நீக்கும். ஆனால் 20 டிபிஎம் (100 மில்லிவாட்) திறனில் அனுப்பி, 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கேட்க, தன் சிக்னலையே சுமார் 115 டெசிபல் அடக்க வேண்டும்.

பொதுவான ரிலே சேனலின் துல்லியமான கொள்ளளவுக்கு இன்னும் சூத்திரம் இல்லை. 1979-இல் தகவல் கோட்பாட்டாளர்கள் தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமாலும் சில சிறப்பு வகைகளுக்குத் தீர்வு கண்டார்கள். மற்றவற்றுக்கு மேல், கீழ் எல்லைகள்தான்.