குறுகிய சாலையில் சைக்கிளை முந்த எவ்வளவு இடம் வேண்டும்?

கேள்வி: குலசேகரத்திலிருந்து தக்கலைக்குத் தினமும் அதிகாலையில் காரில் செல்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும் வாழைக்குலை ஏற்றிச் செல்கிறவர்களும் சைக்கிளில் முன்னே செல்கிறார்கள். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்து விரட்டுகிறது. எவ்வளவு இடைவெளி விட்டு முந்துவது? ஹாரன் அடிக்கலாமா?

பதில்: சைக்கிளின் கைப்பிடி முனைக்கும் உங்கள் காரின் இடப்பக்கக் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் இந்த அளவும், ஊருக்கு வெளியே 2 மீட்டரும் சட்டப்படி கட்டாயம்.

நம் சாலைகளில் இது எங்கே சாத்தியம் என்பதுதான் கேள்வி. ஒற்றைத் தடச் சாலைக்குத் தார்ப்பரப்பு 3.75 மீட்டர், அதற்கு அடுத்த வகைக்கு 5.5 மீட்டர் என்பது சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு. தார் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி மிதிப்பவருக்குக் கைப்பிடி முனை வரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் போய்விடும்; அதனுடன் ஒன்றரை மீட்டர் இடைவெளியையும், கண்ணாடிகளோடு சேர்த்துக் காருக்கு 2 மீட்டரையும் கூட்டினால் 4.3 மீட்டர் ஆகிறது. ஆகவே ஒற்றைத் தடச் சாலையில் அவராக ஒதுங்கி நின்றாலொழிய முந்த இடமே கிடையாது. 5.5 மீட்டர் சாலையிலோ, எதிரே ஒரு பைக் வந்தால்கூடக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வாழைக்குலையை இருபுறமும் தொங்கவிட்டிருந்தால் கைப்பிடியிலிருந்து அல்ல, குலையின் வெளிமுனையிலிருந்தே இடைவெளியைக் கணக்கிட வேண்டும். பாரம் ஏற்றிய சைக்கிள் ஏற்றத்தில் இடமும் வலமுமாக ஆடியபடிதான் ஏறும். மழை மண்ணை அரித்த இடங்களில் தார் விளிம்பு நான்கு விரல் உயரத்துக்குப் படிபோல் நிற்கிறது. சக்கரம் அதிலிருந்து கீழே இறங்கினால் மீண்டும் ஏறும்போது வழுக்கிச் சாலையின் நடுவிலேயே விழ நேரும் என்பதால்தான் அவர் விளிம்பை ஒட்டிப் போவதில்லை. ஓரமாகப் போகக் கூடாதா என்று திட்டுகிறவர்கள் ஒருமுறை காரைவிட்டு இறங்கி அந்த விளிம்பைப் பார்ப்பது நல்லது.

ஹாரன் அடிக்கலாம்; ஆனால் முப்பது, நாற்பது மீட்டருக்கு முன்பே, சுருக்கமாக, ஒரே ஒரு முறை. அருகில் வந்து அடித்தால் அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். தலையோடு கைப்பிடியும் அதே பக்கம், அதாவது உங்கள் காரை நோக்கி, திரும்பும்.

காத்திருப்பதால் இழப்பதையும் கணக்கிடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் பின்னே 200 மீட்டர் போக 48 விநாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் 18 விநாடி. வித்தியாசம் அரை நிமிடம். அதற்காக அவசரப்பட்டு முந்துவது சட்டப்படியும் ஆபத்தானது: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், விதிக்குப் புறம்பாக முந்துவதையும் அபாயகரமாக ஓட்டுவதில் சேர்க்கிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பேருந்து விரட்டினால் சாலை அகலும் நிறுத்தம் ஒன்றில் ஒதுங்கி அதற்கு வழிவிடுங்கள். அது சைக்கிளை முந்தியதும் அதன் பின்னாலேயே நீங்களும் புகுந்துவிடக் கூடாது. பெரிய வண்டி கிளப்பும் காற்றில் தடுமாறும் சைக்கிள் நிலைகொள்ளச் சில விநாடிகள் ஆகும். முந்திய பிறகும், உள்கண்ணாடியில் சைக்கிள் முழுவதுமாகத் தெரியும்வரை இடப்பக்கம் திரும்ப வேண்டாம்.