வீட்டுத் தோட்டம் – கேள்வி பதில்: வன்னி வளவுக்கு எந்த ஈழத்தலரி?

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம், வயலோரமாகப் புது வீடு. முற்றத்தில் ஈழத்தலரி நட விருப்பம். கன்று விற்குமிடத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பலதும் இருக்கின்றன. மார்கழியில் வளவில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். எதை வாங்கலாம்? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பூவின் நிறத்துக்கு முன் இலையைப் பாருங்கள். நுனி வட்டமாக, கரும்பச்சையாக மினுங்கினால் அது ஒப்டியூசா என்ற இனம். வெள்ளைப் பூ, நல்ல வாசம், வருடம் முழுவதும் பெரும்பாலும் இலையோடு நிற்கும். நுனி கூராக, நரம்பு தெளிவாகத் தெரிந்தால் ருப்ரா. மஞ்சள், இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்பு எல்லாம் பெரும்பாலும் இதில்தான். வருடத்தில் சில மாதம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், அது நோயல்ல. நாகபடம் போல நுனி விரிந்த இலை என்றால் பூடிக்கா. ஓயாமல் பூக்கும், ஆனால் வாசம் இல்லை என்றே சொல்லலாம். வேலியோரத்துக்கு அது போதும். பூசைக்கும் மாலை நேர வாசத்துக்கும் மரம் தேடுபவருக்கு ஏமாற்றம்தான்.

முதல் மரமாக ஒப்டியூசாவையே சொல்வோம். ருப்ராவின் இலையடியில் மழைக்காலத்தில் செம்மஞ்சள் தூளாகப் படியும் துரு நோய் இதில் குறைவு. முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் உப்புக் காற்றையும் தாங்கும். ஆனால் இதன் தடி வேர்விடுவது கடினம். வேர்பிடித்த கன்றாக வாங்குங்கள். தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் வேர் இருக்கிறது. தண்டு மட்டும் ஆடினால் வேண்டாம்.

உங்கள் களிமண்ணில் கிடங்கு வெட்டி மணல் நிரப்பி நட்டுவிடாதீர்கள். சுற்றியுள்ள களி தண்ணீரை வெளியே விடாது. மாரி முழுக்க வேர் ஊறி அழுகும். தரைக்கு மேலே 2 அடி உயரம், 5 அடி அகலத்தில் மேடு போடுங்கள். செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, மக்கிய கூட்டெரு 1 பங்கு. வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி, கூரைத் தண்ணீர் விழாத இடமாக இருக்கட்டும். மாரி ஓய்ந்து தை பிறந்தபின் நடுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையோடு சிவப்பு ஈழத்தலரித் தடிகளை நட்டேன். எல்லாம் அடி கறுத்து அழுகிவிட்டன. முருங்கைத் தடி அப்படியே பிடிக்கிறதே? – வாசகர், கிளிநொச்சி

பதில்: முருங்கைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்தத் தண்டு நிறையப் பாலும் நீரும். வெட்டுவாய் காயாமல் ஈர மண்ணுக்குள் போனால் பூஞ்சணம் நேரே உள்ளே இறங்கும்.

மாசி, பங்குனியில் வெட்டுங்கள். பச்சைக் கொழுந்துத் தண்டு சுருங்கிவிடும். சாம்பல் நிறமாக முற்றிய நுனிக்கிளையில் ஒன்று, ஒன்றரை அடி எடுக்க வேண்டும். இலையையும் பூவையும் நறுக்கிவிட்டு, நிழலில் 10 முதல் 14 நாள் நிறுத்தி வையுங்கள். வெட்டுவாய் கட்டியாகக் காய்ந்த பிறகே நடவு. பருமணல் 2 பங்கு, கூட்டெரு 1 பங்கு கலந்து, துளையிட்ட பொலித்தீன் பையில் 3–4 அங்குலம் புதைத்து, ஒரு குச்சியோடு கட்டுங்கள். தடி ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். நட்டதும் ஒருமுறை தண்ணீர். பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம்.

முதல் இலை வந்ததும் வேர் வந்துவிட்டது என்று வாளியால் ஊற்றுவதில்தான் பலருடைய தடி போகிறது. அந்த இலை தண்டுக்குள் சேமித்த நீரில் வந்தது. வேர்பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும்; கடுஞ்சிவப்பு இன்னும் தாமதிக்கும். சோளகக் காற்று முடியும்வரை பையிலேயே ஒதுக்குப்புறமாக இருக்கட்டும். அடி மெத்தென்று கறுத்தால், உள்ளே வெள்ளையாகத் தெரியும்வரை மேலே வெட்டி, மறுபடி காயவைத்து நடலாம். பால் கண்ணில் படாமல் கவனம். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: விதையில் வந்த மரம் நான்கு வருடமாகியும் பூக்கவில்லை. – வாசகி, முள்ளியவளை

பதில்: விதைக்கன்று மூன்று வருடத்துக்கு மேலும் எடுக்கும், தாய்மரத்தின் நிறமும் வராமல் போகலாம். நிறம் முக்கியமென்றால் தடிதான். இருக்கும் மரத்துக்கு நாளுக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். யூரியாவை நிறுத்துங்கள், இலைதான் தழைக்கும். பூங்கொத்து கிளை நுனியில் வருவதால், அழகுக்காக நுனியை வருடாவருடம் நறுக்குவதையும் விடுங்கள்.

கேள்வி: பப்பாசியிலும் பக்கத்து ஈழத்தலரியிலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கிறது. – வாசகர், வவுனியா

பதில்: இரண்டிலும் இருப்பது ஒரே பூச்சியாகத்தான் இருக்கும். பப்பாசியைத் தாக்கும் இந்த மாப்பூச்சி 2008இல் இலங்கையில் காணப்பட்டது. ஈழத்தலரியும் அதற்கு விருப்பமானது. மோசமான இலைகளை வெட்டி எரியுங்கள். மற்ற இலைகளின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் திரவ சவர்க்காரம் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் மூன்று தடவை தெளியுங்கள். கடும் நஞ்சு வேண்டாம். இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்ணிய குளவியும் அதில் செத்துவிடும். அடிமரத்தில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். இனிப்பு நீருக்காக எறும்பு மாப்பூச்சியைக் காவல் காக்கும். தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் கிரீஸ் பூசினால் எறும்பு ஏறாது.