வாசகர் கேள்வி – பதில்: மழையா, பனியா, உறைமழையா?

கேள்வி: குளிர்காலத்தில் ஒரே நாளுக்கான வானிலை முன்னறிவிப்பு, "காலையில் பனிப்பொழிவு, நண்பகலில் உறைமழை, மாலையில் மழை" என்று மூன்று விதமாகச் சொல்கிறது. தரையில் வெப்பநிலை ஓரிரு டிகிரிக்கு மேல் மாறியதாகவும் தெரியவில்லை. பிறகு எப்படி இத்தனை மாற்றம்?

பதில்: முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. புல் நுனியில் படியும் நீர்த்துளி, காலையில் கண்ணை மறைக்கும் மூட்டம், வானிலிருந்து வெள்ளையாக உதிர்வது ஆகிய எல்லாவற்றையும் தமிழில் நாம் 'பனி' என்றே சொல்லிவிடுகிறோம். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்குப் பெயரிட்ட மொழிக்கு, வானிலிருந்து உதிரும் பனியைத் தனியே குறிக்கும் தேவை அதிகம் எழவில்லை போலும். இந்தப் பகுதியில் வானிலிருந்து படிகமாக உதிர்வதைப் பனிப்பொழிவு என்றும், நீராக விழுந்து தரையைத் தொட்டவுடன் கட்டியாக உறைவதை உறைமழை என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்விக்கான விடையைத் தலைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் தேட வேண்டும். நடு அட்சரேகைப் பகுதிகளில் குளிர்காலத்தில் பெய்யும் மழையின் பெரும்பகுதி, மேகத்துக்குள் பனிப்படிகமாகவே பிறக்கிறது. மேகத்தில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடுவதில்லை. தூய நீராலான மிகச் சிறிய துளி, மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே தாக்குப்பிடிக்கும். அத்தகைய துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றிவிட்டால், துளிகள் ஆவியாகிக் கரைய, அந்த ஆவி படிகத்தின் மேல் படிந்து அதை வளர்க்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர்தான் இதையும் 1911இல் கோடிட்டுக் காட்டினார். ஸ்வீடனைச் சேர்ந்த டோர் பெர்ஜெரான் 1930களில் அதை விரிவான கோட்பாடாக்கினார்.

கனம் கூடிய படிகம் கீழே இறங்கும் வழியில் என்னென்ன காற்றடுக்குகளைக் கடக்கிறது என்பதே அது எந்த உருவில் நம்மை வந்தடையும் என்பதைத் தீர்மானிக்கிறது. வழி முழுவதும் குளிராக இருந்தால் பனியாகவே விழும். ஆனால் புயல் நெருங்கும்போது, அடர்த்தி மிகுந்த குளிர்காற்று தரையோடு தங்கிவிட, இலேசான வெப்பக்காற்று அதன் முதுகில் ஏறிச் சரிந்து வருகிறது. அப்போது ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்ப அடுக்கு உருவாகிறது. அந்த அடுக்கின் வெப்பநிலை ஒரு டிகிரிக்குச் சற்று மேலே மட்டும் இருந்தால் படிகம் பாதி உருகி, கீழிருக்கும் குளிரில் மீண்டும் இறுகிச் சிறு பனிக்கட்டி மணிகளாகத் தரையில் துள்ளும். மூன்று டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் முழுவதுமாக உருகிவிடுகிறது. மறுபடி உறைவதற்கான கரு அதில் மிஞ்சுவதில்லை. ஆகவே அது உறைநிலைக்குக் கீழான குளிரிலும் நீராகவே வந்து, சாலை, மரக்கிளை, மின்கம்பி என்று எதைத் தொடுகிறதோ அதன்மேல் கண்ணாடிபோல் உறைகிறது. பிற்பகலில் தரையை ஒட்டிய குளிர்காற்றும் விலகிய பிறகு பெய்வது வெறும் மழை. உங்கள் வெப்பமானி காலை முதல் மாலை வரை மைனஸ் 1இலிருந்து 1 டிகிரிக்கு நகர்ந்த அதே நேரத்தில், மேலே ஒரு காற்றுத்திரள் போய் இன்னொன்று வந்துவிட்டது.

கேள்வி: வெப்பநிலை 3 டிகிரி என்று காட்டும்போதே பனி பெய்ததைப் பார்த்தேன். பூஜ்ஜியத்துக்கு மேல் பனி உருகிவிடாதா?

பதில்: உருகத்தான் வேண்டும், ஆனால் காற்று வறண்டிருந்தால் உருகுவதற்கு நேரமாகும். நனைந்த உடம்பில் காற்று படும்போது சில்லென்று இருப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கும் காரணம். விழுகின்ற படிகத்தின் மேற்பரப்பு ஆவியாகும்போது அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. படிகமும் அதைச் சூழ்ந்த காற்றும் குளிர்கின்றன. இதனால்தான் முன்னறிவிப்பாளர்கள் சாதாரண வெப்பமானியின் அளவைவிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலையை, கூர்ந்து கவனிக்கிறார்கள். 3 டிகிரி வறண்ட காற்றில் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கக்கூடும்.

உருகுதலும் குளிரூட்டும் செயல்தான். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைக் காற்றிலிருந்தே அது பெறுகிறது. காற்றோட்டம் குறைந்த நாளில் பொழிவு மட்டும் பலமாக இருந்தால், உருகும் பனியே அடுக்கடுக்காகக் காற்றைக் குளிர்வித்து, மழையாகத் தொடங்கியதை ஒரு மணி நேரத்துக்குள் பனியாக மாற்றிவிடலாம். மழை பலத்தால் வெப்பநிலை விழுவதும், வெப்பநிலை விழுவதால் மழை பனியாவதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடப்பதால், கணிப்பவரை இதைப்போல் திணறடிப்பது வேறொன்றில்லை என்பேன்.

கேள்வி: "5 முதல் 20 செண்டிமீட்டர் வரை பனிப்பொழிவு" என்று அறிவிக்கிறார்கள், மறுநாள் அதையும் மாற்றுகிறார்கள். எதுவும் தெரியாமல் இரண்டு பக்கமும் கால் வைப்பதாகத் தோன்றுகிறதே?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒற்றை எண்ணை அடித்துச் சொல்பவரையே நான் குறைவாக நம்புவேன். ஒரு செண்டிமீட்டர் நீர், பொதுவாகப் பத்து செண்டிமீட்டர் பனியாகக் குவியும் என்பது பழைய கணக்கு. ஈரம் செறிந்த, உருகுநிலையை ஒட்டிய பனி ஐந்து செண்டிமீட்டரிலேயே அமுங்கிவிடும். கடுங்குளிரில் விழும் பொடிப்பனி இருபது செண்டிமீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும். நீரின் அளவைச் சரியாகக் கணித்துவிட்டாலும், ஓரிரு டிகிரி பிசகினால் குவியலின் உயரம் இரு மடங்கு தவறிவிடுகிறது. இதோடு, மழையையும் பனியையும் பிரிக்கும் எல்லைக்கோடு வரைபடத்தில் ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தால், ஓர் ஊரின் 20 செண்டிமீட்டர் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

கணிப்பு மாறுவதற்கு இன்னொரு காரணம் வளிமண்டலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலையியலாளர், தம் கணினியில் ஒரு கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதில் சுருக்கமாக 0.506 என்று இட்டார். தொடக்கத்தில் முன்பு கிடைத்த விடையை ஒட்டியே ஓடிய கணக்கு, போகப்போக விலகி, முற்றிலும் வேறொரு வானிலையில் போய் நின்றது. நம்மிடம் உள்ள அளவீடுகளோ அந்த நுட்பத்துக்கு அருகில்கூட இல்லை; மேல்காற்றை நேரடியாக அளக்கும் வானிலை பலூன்கள் பெரும்பாலான நிலையங்களில் நாளுக்கு இரண்டு முறைதான் ஏறுகின்றன, கடல்மேல் அவையும் அரிது, இடைவெளியைச் செயற்கைக்கோள்களும் விமானங்களும் நிரப்புகின்றன.

ஆகவே தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் முறை வந்தது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையமும் அமெரிக்க மையமும் 1992இல் இதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பிய மையம் இன்று இவ்வாறு மாற்றிய ஐம்பது கணிப்புகளையும் மாற்றாத ஒன்றையும் ஓட்டுகிறது. அவை எல்லாம் ஒரே திசையில் போனால் அறிவிப்பின் எல்லை குறுகும், சிதறினால் விரியும். நீங்கள் பார்த்த "5 முதல் 20" என்பது அந்தச் சிதறலின் நேர்மையான அளவு. புயல் நெருங்க நெருங்க அந்த எல்லை குறுகுகிறதா என்று பாருங்கள். குறுகினால் மாற்றம் நல்லதற்கே.

கேள்வி: பனிப்பொழிவுக்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்றால், நாளில் 40 விழுக்காடு நேரம் பெய்யும் என்பதா?

பதில்: இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில், குறிப்பிட்ட கால அளவுக்குள், அளவிடத்தக்க பொழிவு ஏற்படும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்பதே பொருள். பெய்யும் நேரத்தையோ பலத்தையோ அந்த எண் சொல்வதில்லை.

கேள்வி: கனத்த பனிப்பொழிவைவிட உறைமழைக்கு அதிக எச்சரிக்கை விடுப்பது ஏன்?

பதில்: பனி, கிளையிலிருந்தும் கம்பியிலிருந்தும் ஓரளவு உதிர்ந்துவிடும்; உறைமழை இறுகப் பற்றி, பெய்யப் பெய்யத் தடித்துக்கொண்டே போகும். 1998 ஜனவரி தொடக்கத்தில் கனடாவின் கிழக்கு ஒன்டாரியோ, தெற்குக் கியூபெக் பகுதிகளிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஏறத்தாழ ஆறு நாள்கள் இது தொடர்ந்தது. மேலே ஈரமான வெப்பக்காற்று தெற்கிலிருந்து வந்துகொண்டிருக்க, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே வடகிழக்கிலிருந்து புகுந்த குளிர்காற்று தரையை விட்டு அகலவில்லை. சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு மேல் உறைமழை பெய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருக்கு மின்கோபுரங்கள் சரிந்தன. கியூபெக்கின் சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அந்தப் பள்ளத்தாக்கின் குளிர்காற்று விலகியிருந்தால் அத்தனையும் சாதாரண மழையாக ஓடியிருக்கும்.

கேள்வி: குறைந்தபட்ச வெப்பநிலை 2 டிகிரி என்று அறிவித்த இரவிலும் விடியற்காலையில் சாலை வழுக்குகிறது. கணிப்புத் தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. அறிவிக்கப்படும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் அளக்கப்படுவது. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில், தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, அந்த உயரத்துக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. பகலில் உருகி ஓடிய பனிநீர் அங்கே மெல்லிய படலமாக உறைகிறது. அடியில் உள்ள தாரின் நிறமே தெரிவதால் வெறும் ஈரம் என்று கண் ஏமாறும். பாலங்கள் மேலும் கீழும் காற்றுக்குத் திறந்திருப்பதால் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைகின்றன. எனவே பகலில் பனி உருகி, இரவில் வானம் தெளியும் என்று அறிவிப்பு வந்தால், 2 டிகிரி என்ற எண்ணைப் பூஜ்ஜியமாகவே வாசித்துக்கொள்ளுங்கள்.