கடல்ல ஃப்ளைட் இறங்கினா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மக ஷார்ஜால இருக்கா, அவ பிரசவத்துக்கு அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல ஏறி போறேன். எனக்கு இதான் மொத ஃப்ளைட். பாதிக்கு மேல கடல்தானாமே, நடுவுல ஏதாச்சும் ஆகி தண்ணியில இறங்கிட்டா பொழைக்க வழி இருக்கா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்குக்கா, கண்டிப்பா இருக்கு. மொதல்ல ஒண்ணு, பெரிய பயணிகள் விமானம் இப்படி தண்ணியில இறங்கினது ரொம்ப ரொம்ப கம்மி, அதுக்கு பயந்து பயணத்த தள்ளிப் போடாதீங்க. 2009 ஜனவரி 15 நியூயார்க்ல ஒரு ஏர்பஸ் ஏ320 கிளம்பின கொஞ்ச நேரத்துலயே வாத்துக்கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் போயிடுச்சு, கேப்டன் சல்லன்பெர்கர் அத ஹட்சன் ஆத்துல இறக்கினாரு, மோதினதுல இருந்து தண்ணிய தொட மூணரை நிமிஷம்தான், 155 பேரும் பொழச்சாங்க. வால் பக்கம் அடி கிழிஞ்சு பின்னாடி தண்ணி ஏறிடுச்சு, அதனால எல்லாரும் முன் கதவு வழியாவும் றெக்கை மேல திறக்குற கதவு வழியாவும்தான் வெளிய வந்தாங்க.

ஆனா நீங்க மனசுல வச்சுக்க வேண்டியது 1996 நவம்பர் 23 நடந்தத. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங் 767 ஒண்ண கடத்தினவங்க, எரிபொருள் பத்தாதுன்னு கேப்டன் எவ்வளவு சொல்லியும் கேக்கல, கடைசியில கொமோரோஸ் தீவுக்கரை ஓரமா கடல்ல விழுந்து உடைஞ்சுது, 175 பேர்ல 125 பேர் போயிட்டாங்க. மோதினப்ப தப்பிச்சவங்கள்லயும் பல பேர் வெளிய வரமுடியாம போனதுக்கு காரணம், உள்ள இருக்கும்போதே லைஃப் ஜாக்கெட்ட ஊத வச்சுட்டாங்க. தண்ணி ஏறுறப்ப ஊதின ஜாக்கெட் ஆள அப்படியே தூக்கி கூரையோட ஒட்ட வச்சிடும், முங்கி கதவு பக்கம் போகவே முடியாது. இத படிச்சதுல இருந்து பாக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேதான் இருக்கேன்.

அதனால சீட்டுக்கு அடியில இருக்குற பைய கிழிச்சு, ஜாக்கெட்ட தலை வழியா மாட்டி, இடுப்புல பட்டைய சுத்தி இறுக்கிக்கணும், அதோட நிறுத்திக்கணும். சிவப்பு கயித்த இழுக்குறது கதவு வாசல்ல, வெளிய காலெடுத்து வைக்கிறப்ப. இழுத்தும் ஊதலைன்னா தோள் பக்கம் ஒரு குழாய் இருக்கும், வாயால ஊதுங்க. ஹேண்ட்பேக்க அங்கயே விட்டுடுங்க, மகளுக்கு கொண்டு போற பலகாரமே இருந்தாலும் சரி. ஏறி உக்காந்ததும் முன்னாடியும் பின்னாடியும் கதவுக்கு எத்தன சீட்டுன்னு எண்ணி வச்சுக்கோங்க, இருட்டுல கைதான் வழி காட்டும்.

கேள்வி: நம்ம கொடைக்கானல் ஏரியில ஒரு பெரிய ஃப்ளைட்ட இறக்க முடியுமா சார்? அப்ப வீல் வெளிய வருமா?
- பிளஸ் டூ மாணவர், கொடைக்கானல்

பதில்: வாய்ப்பே இல்ல தம்பி. ஹட்சன்ல அந்த விமானம் தண்ணிய தொட்டப்ப வேகம் மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர், அதுக்கு முன்னாடி கிலோமீட்டர் கணக்குல நேரான அகலமான ஆறு கெடந்துச்சு. நம்ம ஏரி 60 ஏக்கர்தான், அதுவும் நட்சத்திரம் மாதிரி கை கையா பிரிஞ்சு வளைஞ்சு கெடக்கு, சுத்தி மேடும் மரமும். இன்னொண்ணு, இங்க 2,100 மீட்டர் உயரத்துல காத்து லேசு, கீழ இருக்குற அதே தூக்கு விசை கெடைக்கணும்னா இங்க சுமார் 11 சதவீதம் வேகமா வந்தாகணும்.

வீல மடக்கியேதான் இறக்குவாங்க. வெளிய இருந்தா தண்ணி அத புடிச்சு இழுத்து மூக்க குத்த வச்சிடும். மூக்கு கொஞ்சம் தூக்கி இருக்கணும், ஏ320க்கு 11 டிகிரின்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு றெக்கையும் ஒரே மட்டத்துல இருக்கணும். மேல சொன்ன 767ல இடது பக்கம் முதல்ல தண்ணியில பட்டுதான் சுழண்டு உடைஞ்சுது.

கேள்வி: மடியில வச்சிருக்குற கைக்குழந்தைக்கும் ஜாக்கெட் உண்டா?
- குன்னூர் வாசகர்

பதில்: உண்டுங்க, ஆனா சீட்டுக்கு அடியில இருக்காது, குழந்தைக்குன்னு தனி ஜாக்கெட் விமானப் பணியாளர்கள்கிட்ட இருக்கும். ஏறினதுமே அவங்கள கூப்பிட்டு அது எங்க இருக்கு, எப்படி மாட்டணும்னு கேட்டுக்கோங்க. பொறுமையா காட்டுவாங்க.