பதில்: மகளின் தின்பண்ட டப்பா அப்படியே திரும்பி வருகிறது

மகள் தொடக்கநிலை ஒன்று, காலையில் கொடுக்கும் இட்லியும் பழமும் தொடாமலே வீட்டுக்கு வருகிறது, கேட்டால் 'நேரமில்லை' என்கிறாள், இப்போது சிப்ஸ்தான் வேண்டும் என்று அடம் என்று எழுதியிருந்தீர்கள்.

நேரமில்லை என்பது சாக்கு இல்லைங்க. பல பள்ளிகளில் வகுப்பிலேயே சாப்பிட விடுவது ஏதோ பத்து நிமிடம், அதற்குள் டப்பாவைத் திறந்து சட்னி தொட்டு இட்லி சாப்பிட்டுக் கையும் கழுவ எந்தப் பிள்ளையால் முடியும்? முதலில் டப்பாவைப் பாருங்கள். நாலு பக்கமும் கிளிப் போட்டதென்றால் வீட்டில் அவளையே திறக்கச் சொல்லுங்கள், திணறினால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கையில் ஒட்டாததாக, கொஞ்சமாக வையுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் நல்லது, ஆனால் தேங்காய் வேண்டாம், இந்த வெக்கையில் ஊசிப்போகும். சீஸ் வைத்த சின்ன சான்விச், அவித்த சோளம் எல்லாம் சரி. ஆப்பிள் கறுக்காமல் இருக்க, வெட்டியதும் உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அலசி, ஈரத்தை நன்றாகத் துடைத்து வையுங்கள். நிலக்கடலை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, வகுப்பில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கலாம்.

குடிக்கத் தண்ணீர் போதும். பாக்கெட் பானம்தான் என்றால் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், அதாவது சர்க்கரையும் நிறைகொழுப்பும் எவ்வளவு என்று ஏ முதல் டி வரை காட்டும் சிங்கப்பூர் முத்திரை, டி தான் மோசம். 2022 கடைசியிலிருந்து சி, டி தரத்துக்கு அது கட்டாயம், டி பக்கமே போகாதீர்கள்.

சிப்ஸை அடியோடு நிறுத்தினால் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கித் தின்பாள். வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பாக்கெட் என்று பேசி வையுங்கள்.