பிடித்த சின்ன இசைக்குழுவுக்கு லைக், ஷேர் தவிர ஒரு ரசிகர் என்ன செய்யலாம்?

தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். "சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிற ஒரு சின்னத் தமிழ்க் குழுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கல்லூரியில் படிக்கிறேன், கையில் காசு அதிகம் இல்லை, லைக் ஷேர் தவிர அவர்களுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே எங்களிடம் கேட்ட ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு நான் செய்ததை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் திருச்சிக்காரன். பகலில் எலக்ட்ரிகல் கடையில் கணக்கு, சாயங்காலம் பேஸ் கிட்டார். நாலு பேர் குழு, எல்லாம் நாங்களே எழுதி மெட்டுப் போட்டவை. சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்று சொன்னாலே "அவ்வளவு இளக்காரமா" என்று யாராவது கிளம்பி வருவார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: 11 வருஷம் மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டு வாசித்த காசில்தான் இந்த கிட்டாரே வாங்கினேன். அப்பா அதே குழுவில் டோலக். ரிதம் பேட் வந்ததும் டோலக், தபேலா எல்லாம் ஒரே ஆள் குச்சியால் தட்டுகிற சமாசாரமாகிவிட்டது, அப்பா மேடையிலிருந்து இறங்கி மாவு மில்லுக்கு வேலைக்குப் போனார். அது வேறு கதை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "அண்ணே, ராத்திரி பூரா ஸ்பாட்டிஃபையில் உங்க பாட்டைத்தான் லூப்பில் போட்டுவிட்டுத் தூங்குறேன்" என்று பாசமாகச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அங்கே 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு என்ற பேச்சே வரும். 30 நொடி தாண்டினால்தான் ஒரு தடவை. அதற்காக செயற்கையாக ஓட்டினால் போலி என்று பிடித்து, பாட்டை ஏற்றிக் கொடுத்த விநியோகஸ்தரிடமே அபராதம் வாங்குகிறார்கள், அவர் எங்கள் பாட்டையே தூக்கிவிடுவார். எங்கள் முதல் பாட்டு ஒரு வருஷத்தில் 870 தடவை. ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் சேர்த்து அதற்கு ஆன செலவு 22,000 ரூபாய்.

யூடியூப் நேரலையில் 100 ரூபாய்க்கு சூப்பர் சாட் (காசு கட்டிப் போடுகிற கமென்ட்) போட்டால் ஏறக்குறைய 70 கலைஞருக்கு வரும், 30 அவர்களுக்கு. பேண்ட்கேம்ப் என்று கலைஞர்களே தங்கள் பாட்டை விற்கிற ஒரு இணையதளம், அதில் பாட்டை விலை கொடுத்து வாங்கினால் 15 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் விட்டுக்கொடுப்பார்கள், 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் ஆரம்பித்த வழக்கம். நல்ல வழிதான். ஆனால் அங்கே எங்களுக்குப் பணம் வருவது பேபால் மூலமாக, பேபாலோ 2021 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவுக்குள் அனுப்பி வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆக சிங்கப்பூரில் இருக்கிற ரசிகருக்கு அந்த வழி சரி, மணப்பாறையில் இருக்கிறவருக்குச் சரிப்படாது. மணப்பாறைக்காரர் நேராக ஜிபேயில் 50 ரூபாய் அனுப்பினால் 50 ரூபாயும் வந்து சேரும். வெட்கப்படாமல் க்யூஆர் கோட் கேளுங்கள். கேட்க உங்களுக்குக் கூச்சம் என்றால் கொடுக்க எங்களுக்கு அதைவிடக் கூச்சம், யாராவது ஒருவர் ஆரம்பித்துத்தான் ஆக வேண்டும்.

ஓசி டிக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் பொங்கல் முடிந்த வாரம் உறையூரில் எங்கள் டிரம்மருடைய மாமா வீட்டு மொட்டை மாடியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். ஜமுக்காளம் விரித்து, இரண்டு ஸ்பீக்கர் 3,500-க்கு வாடகை எடுத்து, வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்து, டிக்கெட் 150. வந்தது 64 பேர், டிக்கெட் எடுத்தது 41 பேர். மீதி 23 பேரும் எங்கள் நண்பர்கள்! "மச்சான், நமக்குள்ள எதுக்குடா டிக்கெட்டு?" என்று கேட்டவன் எங்கள் நாலு பேரின் சம்பளத்தையும் சேர்த்தால் வருவதைவிட அதிகமாக வாங்குகிறவன். முன்பின் தெரியாதவன் காசு கொடுத்து வருகிறான், தெரிந்தவன் சும்மா வருகிறான். நட்பு என்றால் எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு இது.

இதையாவது பொறுத்துக்கொள்வேன், பொன்னாடையைப் பொறுக்க முடியாது. கல்லூரி விழாவுக்குக் கூப்பிடுவார்கள், "பட்ஜெட் இல்லைங்க சார், ஆனா நல்ல எக்ஸ்போஷர்" என்பார்கள், வேன் வாடகை, டோல், ஸ்டிரிங் எல்லாம் நம் கைக்காசு. கடைசியில் ஒரு ஷால் போர்த்தி, ஒரு ஷீல்டு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். என் வீட்டில் 14 ஷால் கிடக்கிறது. அந்தத் துணி தண்ணீரையே உறிஞ்சாது, வண்டி துடைக்கக்கூட ஆகாது. அந்த ஷாலுக்கும் ஷீல்டுக்கும் செலவழித்த காசைக் கவரில் போட்டுக் கொடுத்தால் பெட்ரோலுக்காவது ஆகும். மெல்லிசைக் குழுவில் இருந்தபோதும் எங்களைக் கௌரவித்தார்கள், எப்படி என்றால் பாட்டு பிடித்தவர் மேடையேறி ஒரு நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார். அப்பா வீட்டுக்கு வந்ததும் ஊக்கைக் கழற்றி நோட்டை எண்ணுவார். சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்தத் தம்பி துறையூர்ப் பக்கம். மொட்டை மாடிக்கு பஸ் பிடித்து வந்தான், தனியாக இல்லை, ஐந்து பேரோடு. ஐந்து பேரிடமும் 150 ரூபாய் வசூல் பண்ணி, தன் காசையும் சேர்த்து எண்ணி என் கையில் கொடுத்தான். அப்புறம் அவனே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தான், 340 பேர் சேர்ந்தார்கள். எங்கள் பாட்டு வரிகளைக் காதால் கேட்டே டைப் பண்ணிப் போடுவான். யாராவது எங்கள் பாட்டை ரீல்ஸில் போட்டால் கீழே போய் "எழுதினது யாரு, வாசிச்சது யாருன்னு பேரு போடுங்க" என்று சண்டை பிடிப்பான். நாங்களே எங்களுக்காக அப்படிக் கேட்டதில்லை.

மார்ச்சில் இன்னொரு நிகழ்ச்சியில் இன்னும் வெளியிடாத மூன்று பாட்டை வாசித்துப் பார்த்தோம். முன்வரிசையில் உட்கார்ந்து போனில் முழுசாக எடுத்தான். நாங்களும் பார்த்தோம், சிரித்தோம், கையைக்கூட ஆட்டினோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. (இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள், ஏனென்றால் இதற்கப்புறம் என் பக்கம் நியாயம் இருப்பது போலத் தோன்றும்.) அன்று ராத்திரியே அவன் தன் சேனலில் அதில் இரண்டைப் போட்டுவிட்டான். ஒன்று பத்து நாளில் 46,000 பார்வை. இரண்டு மாதம் கழித்து நாங்கள் கடன் வாங்கி ஸ்டுடியோவில் ஒழுங்காகப் பதிவு செய்து வெளியிட்ட அதே பாட்டுக்கு 1,900. அதற்குக் கீழே ஒருவர், "கவர் நல்லா இருக்கு, ஆனா ஒரிஜினல் மாதிரி வரல" என்று எழுதியிருந்தார். அவர் கவர், அதாவது அடுத்தவர் பாட்டைத் திரும்ப வாசித்தது என்று சொன்னது எங்கள் பதிவை, ஒரிஜினல் என்று சொன்னது நடுவில் யாரோ இருமுகிற அந்த போன் வீடியோவை.

அந்த கமென்ட்டைப் படித்தது ராத்திரி பதினொன்றரை மணிக்கு. அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடாமல் யூடியூபின் காப்பிரைட் படிவத்தைத் திறந்தேன். அதில் ஒரு வசதி இருக்கிறது: உடனே நீக்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் போட்டவருக்கு 7 நாள் அவகாசம் கொடுத்து, அவரே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் (சேனல் மேல் விழுகிற காப்பிரைட் எச்சரிக்கை) விழாமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுமே கண்ணுக்கு நேராக இருந்தன. உடனே என்பதை அழுத்தினேன், இரண்டு வீடியோவுக்கும்.

ஊர்த் திருவிழா வீடியோ ஒன்றில் ஓரமாக ஓடிய ஒரு சினிமாப் பாட்டுக்காக அவன் சேனலுக்கு ஏற்கனவே ஒரு ஸ்ட்ரைக் இருந்தது எனக்குத் தெரியாது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். போய்விட்டது. அதில் எங்கள் பாட்டு மட்டுமா இருந்தது? அவன் ஊர்ப் பம்பைக்காரர்கள் வாசித்தது, அப்புறம் அவனுடைய அப்பாயி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் 17 வீடியோ. அந்த அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எடுத்த போன் எப்போதோ உடைந்துபோய், சேனலில் இருந்ததுதான் மிச்சம்.

காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணினான். "அண்ணே, சேனல் போயிருச்சுண்ணே. யாரோ கம்ப்ளெய்ன்ட் பண்ணிருக்காங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்ல, எப்படிண்ணே திருப்பி வாங்குறது?" புகார் கொடுத்தவர் என்று மெயிலில் என் பெயர் இருந்தது, ஆனால் அது ஆதாரில் இருக்கிற பெயர். அவனுக்கு என்னை மேடையில் கூப்பிடும் பெயர்தான் தெரியும். "பாக்குறேன்டா தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கே இரண்டு புகாரையும் திரும்பப் பெற்றேன். புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கினால் ஸ்ட்ரைக் நீங்கிவிடும். நாலு நாளில் சேனல் வந்தது, அப்பாயியும் வந்தார்கள். "உங்களாலதான்ணே" என்று நன்றி சொன்னான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் எங்கள் புதுப் பாட்டுக்கு யார் யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியலை முழுப் பெயரோடு வெளியிட்டோம். முழுப் பெயர் போடுங்கள் என்று எங்களை நச்சரித்ததே அவன்தான். வழக்கம்போல அதைக் குழுவில் டைப் பண்ணிப் போட்டான். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு பையனை அட்மின் ஆக்கிவிட்டு, ஒரு வார்த்தை எழுதாமல் குழுவை விட்டுப் போனான்.

"சட்டப்படி உன்மேல தப்பே இல்லைடா" என்கிறான் எங்கள் டிரம்மர். இருக்கலாம். கீழே கமென்ட்டில் நீங்களும் அதைத்தான் எழுதப்போகிறீர்கள். உரிமையை நான் மட்டமாகப் பேசவில்லை, 2012-ல் சட்டத்தைத் திருத்தியதால்தான் பாட்டு எழுதினவரிடமும் மெட்டுப் போட்டவரிடமும் ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாது என்ற நிலை வந்தது, அது பெரிய விஷயம். ஆனால் 2017-ல் இளையராஜா தன் பாட்டுகளைக் கச்சேரியில் பாடுவது பற்றி எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினாரே, அப்போது டீக்கடையில் எஸ்.பி.பி. பக்கம் நின்று தொண்டை வறளக் கத்தினவன் நான். அவர் அனுப்பியதாவது கூடவே வளர்ந்த ஒரு பெரிய பாடகருக்கு. நான் அனுப்பியது துறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவனுக்கு.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டிக்கெட் வாங்குங்கள், முடிந்தால் கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். வீடியோ எடுங்கள், ஆனால் போடுவதற்கு முன்னால் "இதைப் போடலாமாண்ணே, எப்பப் போடலாம்?" என்று ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், தங்கள் சேனல் லிங்கையும் கொடுப்பார்கள். எழுதினவர், வாசித்தவர் பெயரைப் போடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள், நாங்களும் வேலைக்குப் போகிற ஆட்கள். இதற்கெல்லாம் பெரிய காசு தேவையில்லை. ஆனால் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது எங்கள் வேலை. இப்போது நிகழ்ச்சி தொடங்கும் முன் எந்தப் பாட்டைப் படம் எடுக்கலாம், எதை வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் முசிறியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வாசித்தோம். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், போனை வெளியே எடுக்கவேயில்லை. முடிந்து வயரைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். கூப்பிட்டேன், எடுக்கவில்லை, இன்றுவரை எடுப்பதில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து டிக்கெட் வரவு பார்த்தேன். எல்லாம் 150, 150 என்று போகிறது, நடுவில் அவன் பெயரில் 151.