கறவை இயந்திர லைனரை டியூரோமீட்டரால் சோதிக்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் 12 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஒரே கிளஸ்டர் (நான்கு காம்பிலும் மாட்டும் கோப்பைத் தொகுதி) உள்ள பக்கெட் கறவை இயந்திரத்தில் இரண்டு வேளையும் கறக்கிறோம். கோப்பைக்குள் காம்பைக் கவ்வும் ரப்பர் குழாயான லைனரை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டு மாடுகளுக்கு மடிநோய். சில மாடுகளுக்குக் காம்பு நுனி சொரசொரப்பாகிவிட்டது. ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் ஒன்று வாங்கினால் லைனரையும், கொட்டகைக்கு வாங்கப்போகும் ரப்பர் மேட்டையும் நானே சோதித்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் ஐயா. மேட்டுக்கு அந்தக் கருவி ஓரளவு உதவும், லைனருக்கு உதவாது. கருவி வரும்வரை காத்திருக்காமல் நாளைக் காலைக் கறவைக்கு முன்பே நான்கு லைனர்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ரப்பர் லைனரின் ஆயுளை மாதத்தில் பார்ப்பதைவிடக் கறவையில் எண்ணுவதே சரி. சாதாரண ரப்பர் லைனருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 2,500 மாட்டுக் கறவைகள். உங்களிடம் ஒரே கிளஸ்டர்; 12 மாடு, இரண்டு வேளை என்றால் நாளுக்கு 24 கறவை. 104 நாளில், அதாவது மூன்றரை மாதத்தில், அதன் ஆயுள் முடிந்துவிட்டது. எட்டு மாதத்தில் 5,700 கறவையைத் தாண்டியிருப்பீர்கள். லைனரை மூடித் திறக்கவைக்கும் பல்சேட்டர் பொதுவாக நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது. ஒரு மாட்டுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும், 2,500 கறவைக்குள் அந்த ரப்பர் ஒன்பது லட்சம் முறை மூடித் திறந்திருக்கும். போதாததற்குப் பால் கொழுப்பு ரப்பருக்குள் ஊறுகிறது, கழுவும் காரமும் குளோரினும் அதை அரிக்கின்றன. வெளியே பளபளப்பாகத் தெரியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளில் கிருமி தங்கியிருக்கும்.

டியூரோமீட்டர் ஏன் இங்கே பயன்படாது? ரப்பருக்கான ஷோர் ஏ கருவியில் ஸ்பிரிங் பொருத்திய ஒரு முள் அடிப்பகுதியிலிருந்து 2.5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பரில் வைத்து அழுத்தும்போது முள் கருவிக்குள் எவ்வளவு திரும்பத் தள்ளப்படுகிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும். கண்ணாடியில் வைத்தால் 100. பென்சில் அழிப்பான் 40 வாக்கில் வரும், வண்டி டயர் 60 முதல் 70. அளக்கும் பொருள் தட்டையாகவும் குறைந்தது 6 மில்லிமீட்டர் தடிமனாகவும் இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். லைனரின் சுவரோ சில மில்லிமீட்டர்தான், அதுவும் வளைந்தது. முள்ளுக்கு அடியில் இருக்கும் பொருளின் கடினமும் சேர்ந்து எண்ணில் ஏறிவிடும். அது போகட்டும், எண் சரியாகவே வந்தாலும் பயனில்லை. பழைய லைனர் முதலில் இழப்பது இழுவிசையை. தொய்ந்த லைனர் துடிப்புக்கு நடுவில் காம்பைச் சரியாக அமுக்கிவிடாததால் நுனியில் ரத்தம் தேங்குகிறது, தோல் தடிக்கிறது. நீங்கள் சொல்லும் சொரசொரப்பு இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்கு உண்மையான அளவுகோல் மாட்டின் காம்புதான். கிளஸ்டரைக் கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள்: நீலம் பாரித்திருக்கிறதா, காம்படியில் வளையத் தடம் விழுந்திருக்கிறதா, நுனியில் வெள்ளை வளையம் தடித்திருக்கிறதா என்று. கறக்கும்போது கிளஸ்டர் வழுக்கிக் கீச்சிடுகிறதா என்றும் கேளுங்கள். இயந்திரம் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வாக்குவம் கேஜையும் பார்த்துவிடுங்கள். கையேட்டில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் புது லைனர் போட்டும் காம்பு கெடும்.

சிலிக்கான் லைனர் கூடுதல் காலம் வரும், ஆனால் கூரான எதிலாவது பட்டால் எளிதில் கிழியும். எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் சொல்லும் கறவை எண்ணிக்கையைக் கேட்டு, மாற்ற வேண்டிய தேதியைக் கொட்டகைச் சுவரில் எழுதிவையுங்கள். மாடு கூடினால் தேதி முன்னால் வரும். உதிரி லைனரை வெயில் படாமலும், மோட்டார் பக்கத்தில் இல்லாமலும் வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

இனி மேட். இங்கே தடிமன் தாராளமாக இருப்பதால் கருவி சரியாகவே காட்டும். புடைப்பு இல்லாத தட்டையான இடத்தில், ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டருக்குமேல் உள்ளே, நிழலில் வைத்து நான்கைந்து இடத்தில் எடுங்கள். வெயிலில் சூடான ரப்பர் மென்மையாகத் தெரியும். இரண்டு கடைகளின் மேட்டை ஒப்பிடவும், வாங்கிய மேட் இரண்டு வருடத்தில் எவ்வளவு இறுகியது என்று பார்க்கவும் அந்த எண் உதவும். ஆனால் மாடு உணரும் மெத்தென்ற தன்மை தடிமனையும், அடிப்பக்கக் குமிழ்களையும் பொறுத்தது. மேலே குத்தும் முள்ளுக்கு அது தெரியாது. கடையிலேயே மேட்டைச் சிமெண்ட் தரையில் விரித்து, நின்ற நிலையிலிருந்து முழங்கால் ஊன்றி மண்டியிடுங்கள். உங்களுக்கு வலித்தால் நாளில் பாதி நேரம் படுத்திருக்கும் மாட்டுக்கும் வலிக்கும். 12 மாட்டுக்காக மட்டும் சில ஆயிரம் கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் அடுத்த செட் லைனரை வாங்கி வையுங்கள்.

மடிநோய் உள்ள இரண்டையும் கடைசியில் கறங்கள், முடிந்தால் கையால். ஊசி போடுமுன் பால் மாதிரியை எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.